தே தாரிக் கடலும் நீலக் கடலும்

கோலக் கெடாவிலிருந்து லங்காவிக்குப் படகேறுகிறவர்கள் முதல் அரை மணி நேரம் கடலைப் பார்ப்பதில்லை. தண்ணீர் தே தாரிக் நிறத்தில் கலங்கிக் கிடக்கும். பார்க்க என்ன இருக்கிறது என்று கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார்கள். குவா துறை நெருங்கும்போது நிறம் பச்சையாகும், சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும், அப்போதுதான் எல்லாரும் படம் பிடிக்கத் தொடங்குவார்கள். அழகு என்ற கணக்கில் அது சரி. மீன் என்ற கணக்கில் பார்த்தால், அந்தப் பழுப்பும் பச்சையுமே கெடா கடலைப் பற்றிய முக்கியமான செய்தி. இன்னும் நீலம் வரவில்லை என்பதுதான் அது.

வாடகைக்குப் படகெடுத்து ஆழ்கடல் தூண்டில் போடும் விளையாட்டுக்கு உலகம் முழுக்க ஒரே சின்னம்தான்: ஈட்டிபோல் நீண்ட மேல்தாடையோடு தண்ணீரைக் கிழித்துத் துள்ளும் மார்லின். தமிழ்நாட்டுக் கரையில் இதற்குக் கொப்பரன் என்ற பெயரும் உண்டு. சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ தூண்டில் கடையில் நின்று பேசினால், யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: லங்காவியில் படகெடுத்தால் மார்லின் கிடைக்குமா? வாரக் கடைசியில் மெர்போக் ஆற்று முகத்தில் சியாக்காப்பும் கெளுத்தியும் பிடித்துப் பழகியவர்களுக்கு அடுத்த கனவு அதுதான். கேள்விக்கு விடை மீனிடம் இல்லை, கடலடியில் இருக்கிறது. படகுக்காரருக்கு நாம் கொடுக்கும் வெள்ளியில் பெரும்பங்கு ஆழத்தைத் தேடிப்போகும் எண்ணெய்க்குத்தான் செலவாகிறது.

மலாக்கா நீரிணை ஒரு புனல். தெற்கே சுமார் 65 கிலோமீட்டர் அகலம். வடக்கே கெடாவுக்கு எதிரே வரும்போது அது 250 கிலோமீட்டர் அளவுக்கு விரிந்துவிடுகிறது. தெற்கில் ஆழம் பெரும்பாலும் 30 மீட்டருக்குள். வடமேற்கில் அந்தமான் கடலோடு சேரும் இடத்தில்தான் 200 மீட்டரைத் தொடுகிறது. லங்காவியைச் சுற்றிப் பல இடங்களில் ஒரு தென்னை மரத்தை நட்டுவைத்தால் உச்சி வெளியே தெரியும்.

இவ்வளவு ஆழம் குறைந்து கிடப்பதற்குக் காரணம், இது கடலாகப் பிறந்த இடமல்ல. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு விடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலப்பரப்பு. இன்றைக்குக் கப்பல்கள் வரிசை கட்டிப் போகும் நீரிணை, ஆறுகள் ஓடிய தாழ்நிலம். லங்காவியின் தீவுகள் அந்த நிலத்தில் நின்ற குன்றுகள். பனி உருகியது, கடல் ஏறியது, பள்ளத்தாக்கு மூழ்கியது. மூழ்கிய நிலத்தின்மேல்தான் நாம் படகு விடுகிறோம் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தப் பழைய நிலத்தின்மேல் இரு கரை ஆறுகளும் தொடர்ந்து வண்டல் கொட்டுகின்றன. நீரோட்டம் அதைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. சேறு என்று இதை இளப்பமாகப் பேச வேண்டாம். மெர்போக் அலையாத்திக் காடுகளின் இலைச்சருகும் ஆறுகள் கொண்டுவரும் சத்தும் சேர்ந்துதான் நெத்திலிக்கும் கெம்போங்குக்கும் இறாலுக்கும் சோறு போடுகின்றன. கோல மூடாவின் ‘பாசார் பிசிக்’ சந்தையில், வியாபாரிகள் காதோடு காதாக விலை சொல்லி ஏலம் எடுக்கும் மீன்களெல்லாம் இந்தக் கலங்கல் கொடுத்த செல்வம். ஆனால் கண்ணை நம்பி வேட்டையாடும் பெரிய மீனுக்குக் கலங்கல் ஆகாது.

உலகில் மார்லினுக்குப் பேர்போன துறைகளை வரைபடத்தில் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை பளிச்சென்று தெரியும். ஹவாயின் கோனா கரையில் எரிமலைச் சரிவு நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. துறையைவிட்டுச் சில கிலோமீட்டர் போனாலே ஆயிரம் மீட்டர் ஆழம். பெருவின் கபோ பிளாங்கோவில் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் வெப்பமான நிலநடுக்கோட்டு நீரும் கரையோரமாகவே சந்திக்கின்றன. 1953 ஆகஸ்ட் 4 அன்று ஆல்பிரெட் கிளாசெல் என்ற அமெரிக்கர் 707 கிலோ எடையுள்ள கருமார்லினைப் பிடித்தது அங்கேதான். தூண்டிலில் பிடித்த கருமார்லின்களில் அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரிலிருந்து புறப்படும் படகுகள் பெரும் பவளத்திட்டின் வெளி விளிம்புக்குப் போகின்றன. அதற்கப்பால் தரை சட்டென்று விழுகிறது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கருமார்லின்கள் இனப்பெருக்கத்துக்குக் கூடுவது அந்த விளிம்பில்.

நமக்குப் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் திருகோணமலை. இலங்கையின் அந்தத் துறைமுகத்தின் வாயிலிலேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, வெளியே போகப்போக 3,000 மீட்டருக்கும் ஆழமாகிறது. கோணேசர் கோயில் நிற்கும் பாறையிலிருந்து பார்த்தாலே கடல் கருநீலம். நீலத் திமிங்கலங்கள் அவ்வளவு கரையோரமாக வருவதும் அதனால்தான். ஆழம் கரைக்கே வந்து நிற்கும் துறை அது. லங்காவியில் நாம்தான் ஆழத்தை நோக்கிப் போக வேண்டும்.

எங்கே போவது? லங்காவிக்குத் தென்மேற்கே 100 கிலோமீட்டருக்கும் அப்பால், நீரிணை வாய் திறக்கும் இடத்தில், ஒரு மொட்டைப் பாறை தனியாக நிற்கிறது. பேராக் தீவு என்று பெயர் இருந்தாலும் அது கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. மரமில்லை, மணலில்லை, கடற்பறவைகளின் எச்சத்தால் வெளுத்த பாறை. வடமேற்கு மலேசியாவின் தூண்டில்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறும். மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் போகும் படகு என்றாலும் ஒருவழிக்கே மூன்று மணி நேரம் ஆகும். பெரும்பாலோர் இரவு தங்கும் பயணமாகத்தான் போகிறார்கள். பாயார் தீவுக் கடல் பூங்காவைச் சுற்றி இரண்டு கடல்மைலுக்குத் தூண்டில் போடத் தடை இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படகுத் தலைவர், நம் ஊர்ப் பேச்சில் தெக்கோங், இதைத் தெரிந்தவராக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இனி மீனுக்கு வருவோம். கருமார்லினை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே, 1832-இல். அவர் விவரித்த மீனின் இருப்பிடமாகப் பதிவாகியிருப்பது சுமத்ரா. உலகப் பெருங்கடல்களில் திரியும் இந்த மீனின் அறிவியல் பிறப்புச் சான்றிதழில் நம் எதிர்க்கரையின் பெயர் இருக்கிறது! இந்தியப் பெருங்கடலில் கருமார்லின், நீலமார்லின், வரிமார்லின் என்று மூன்றும் உண்டு. அவற்றின் நெருங்கிய உறவு மயில் மீன், மலாயில் இக்கான் லயாரான். கருமார்லினை அடையாளம் காண ஓர் எளிய வழி: அதன் மார்புத் துடுப்பை உடம்போடு மடக்க முடியாது, விறைத்தே நிற்கும்.

பெரிய மார்லின் என்றாலே பெண் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் 200 கிலோவைத் தாண்டுவது அரிது. பெண்களோ 700 கிலோ வரை போகின்றன. ஒரு பெரிய பெண் மீனின் வயிற்றில் 4 கோடி முட்டைகள் வரை இருக்கலாம். படகுத்துறையில் தூக்கிக் கட்டிப் படமெடுத்த ராட்சத மீன்களெல்லாம் தாய்மீன்கள் என்பதை யோசித்தால், அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை முன்போல ரசிக்க முடியவில்லை.

இந்த மீனிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வாளும் இல்லை, வேகமும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் அடுப்பு.

மீன்கள் குளிர் இரத்தப் பிராணிகள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தண்ணீர் எந்தச் சூடோ உடம்பும் அந்தச் சூடு. வாள்மீனும் மார்லினும் மயில் மீனும் இந்த விதியை ஓரிடத்தில் மட்டும் மீறுகின்றன. 1982-இல் பிரான்சிஸ் கேரி என்ற அமெரிக்க ஆய்வாளர், வாள்மீனின் மூளையும் கண்ணும் சுற்றியுள்ள நீரைவிட வெப்பமாக இருப்பதையும், அதற்கென்று தலையில் தனி உறுப்பு இருப்பதையும் அறிவித்தார். அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பின்வந்த ஆண்டுகளில் பார்பரா பிளாக் துலக்கினார். கண்விழியை மேலே திருப்பும் தசையில் ஒரு பகுதி, சுருங்கும் தொழிலையே விட்டுவிட்டது. தசைக்குரிய நார்கள் அதில் ஏறக்குறைய இல்லை. அவற்றின் இடத்தை மைட்டோகாண்டிரியா அடைத்துக்கொண்டிருக்கிறது. சாதாரணத் தசை சுருங்க வேண்டுமென்றால் உள்ளறைகளிலிருந்து கால்சியம் வெளியேற வேண்டும்; தளர வேண்டுமென்றால் அதை மறுபடி உள்ளே இறைக்க வேண்டும். இந்தச் செல்களில் கால்சியம் வெளியே கசிகிறது, உள்ளே இறைக்கப்படுகிறது, மறுபடி கசிகிறது. இழுப்பதற்கு நார் இல்லாததால் செலவழித்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. அந்த வெப்பம் செவுளுக்குப் போய்க் கடலில் கரைந்துவிடாமல், இரத்தக் குழாய்களின் பின்னல் ஒன்று பிடித்து வைத்துக்கொள்கிறது.

உடம்பெல்லாம் சூடாக்க ஆற்றல் போதாது. கண்ணையும் மூளையையும் மட்டும் சூடாக்கினால் என்ன லாபம்? இதற்கு விடை 2005-இல் வந்தது. கெர்ஸ்டின் ஃபிரிட்செஸும் கூட்டாளிகளும் வாள்மீனின் விழித்திரையை எடுத்து, வெவ்வேறு வெப்பநிலைகளில் மினுக்கும் விளக்கைக் காட்டிச் சோதித்தார்கள். குளிர்ந்த விழித்திரை மெதுவாக வேலை செய்தது. வேகமாக நகரும் பொருள் அதற்கு மங்கல் கோடாகத்தான் தெரிந்திருக்கும். சூடான விழித்திரை அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமான மினுக்கத்தைப் பிரித்தறிந்தது. ஆழத்தின் குளிரில் இரைமீனின் கண் சோம்பிப்போகும். துரத்தி வருகிறவனின் கண் சுறுசுறுப்பாக இருக்கும். ஆழம்போய் வேட்டையாடும் வாள்மீனில் இந்த அடுப்பு 10 டிகிரிக்கு மேலும் சூட்டை உயர்த்தும். மேல்மட்டத்தில் அதிகம் வாழும் மார்லினில் உயர்வு குறைவு, ஆனால் அமைப்பு அதுவே.

நீரிணையின் கலங்கலுக்கு மார்லின் ஏன் வராது என்பது இப்போது இன்னும் துலங்கும். கண்ணுக்காகத் தனி அடுப்பு வைத்திருக்கும் மீன், பத்தடி தூரம் தெரியாத தண்ணீரில் என்ன செய்யும்?

வேகத்தைப் பற்றி ஒரு பழைய கதையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று பொது அறிவு நூல்களில் பார்த்திருப்பீர்கள். இந்தக் கதைக்கு மூலம், அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு தூண்டில் முகாமில் நடந்த சோதனை. முள்ளில் மாட்டிய மயில் மீன் மூன்று நொடியில் 100 கஜம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போனது, கணக்குப் போட்டார்கள், 110 வந்தது. கணக்கில் பிழையில்லை. ஆனால் துள்ளிக்கொண்டு போகும் மீன், காற்றில் வளையும் தங்கூசி, தன் வேகத்திலேயே சுழன்று கூடுதலாக விடும் ரீல் எல்லாம் அந்த எண்ணுக்குள் புகுந்துவிட்டன. 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று வேறு வழியில் போனது: நீந்தும் தசை ஒருமுறை சுருங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தால், வால் நொடிக்கு எத்தனை முறை அடிக்க முடியும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு கிடைக்கும். மயில் மீனுக்கு அப்படிக் கிடைத்த உச்சவேகம் நொடிக்குச் சுமார் 8 மீட்டர், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். இயற்பியலும் இதற்குத் துணை நிற்கிறது. நொடிக்கு 10, 15 மீட்டரைத் தாண்டினால் மேல்மட்ட நீரில் துடுப்பைச் சுற்றிக் குமிழிகள் உண்டாகி வெடிக்கும். கப்பல் விசிறியின் உலோகத்தையே அரிக்கும் வெடிப்பு அது. முப்பது என்றால் குறைவு என்று தோன்றுகிறதா? தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதற்குள் முப்பது என்பது பயங்கரம்.

வாளின் கதையும் அப்படித்தான் திருத்தப்பட வேண்டியது. தோடாக் மீன்கள் சிங்கப்பூரைத் தாக்கிய கதையை மலேசியப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அறிவார்கள். வாழைத்தண்டை அரணாக நிறுத்தச் சொன்ன சிறுவன் அதில் வருகிறான். தண்டில் மூக்குச் செருகி மீன்கள் மாட்டிக்கொள்கின்றன. கதையை முழுக்கத் தள்ளவும் முடியாது. 1967-இல் அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கி ஆல்வின், கடலடியில் சுமார் 600 மீட்டர் ஆழத்தில் இருந்தபோது ஒரு வாள்மீன் பாய்ந்து, அதன் வாள் கலத்தின் வெளிக்கூட்டில் சிக்கிக்கொண்டது. மேலே வந்ததும் ஆய்வாளர்கள் அதைச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

ஆனால் அன்றாட வேட்டையில் குத்துவது அபூர்வம். மெக்சிகோவின் கான்கூன் அருகே, மத்தி மீன் கூட்டத்தை மயில் மீன்கள் வேட்டையாடுவதை அதிவேகப் படக்கருவியால் எடுத்து 2014-இல் வெளியிட்டார்கள். மயில் மீன் வாளை மெல்ல, மிக மெல்ல, கூட்டத்துக்குள் நுழைக்கிறது. இரைமீன்கள் ஓடுவதில்லை, மெல்லிய வாள் வருவதை அவை ஆபத்தாக எடுத்துக்கொள்வதில்லை. பிறகு பக்கவாட்டில் ஒரு வெட்டு, அல்லது ஒரே ஒரு மீனைச் சும்மா ஒரு தட்டு. நிலைகுலைந்த மீன் வாய்க்குள். ஒவ்வொரு மயில் மீனுக்கும் இடக்கை வலக்கைப் பழக்கம்போல ஒரு பக்கச் சாய்வு உண்டு என்பதும் பின்னால் தெரியவந்தது. வரிமார்லின்களை ஆளில்லா வானூர்தியால் படமெடுத்த இன்னோர் ஆய்வு 2024-இல் வந்தது: கூட்டத்தில் எந்த மீன் தாக்கப் போகிறதோ அதன் உடல் வரிகள் பளிச்சென்று எரிகின்றன, தாக்கி முடித்ததும் அணைகின்றன. ‘இப்போது என் முறை’ என்று மற்றவற்றுக்குச் சொல்வதாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கூர்வாள்களோடு பத்துப் பதினைந்து பேர் ஒரே இரைக்கூட்டத்தைச் சுற்றும்போது முறை வைத்துக்கொள்வது நல்லதுதானே.

மயில் மீன் மார்லினைவிடக் கரையை நெருங்கும். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் பகாங்கின் கோல ரொம்பினில் ஆழம் அதிகமில்லாத தென்சீனக் கடலிலேயே நெத்திலிக் கூட்டங்களைத் துரத்தி ஏராளமாக வருவதால், அந்தச் சிறு ஊர் உலகத் தூண்டில்காரர்களின் வரைபடத்தில் ஏறிவிட்டது. கெடா பக்கத்திலும் படகெடுப்பவருக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாள்மூக்கு மீன் இதுதான். கருமார்லினைப் பொறுத்தவரை இரண்டு கரைகளும் வேறு வேறு உலகமாகவும் இருக்கலாம். 2016-இல் வந்த மரபணு ஆய்வு, தென்மேற்குப் பசிபிக், கிழக்கு இந்தியப் பெருங்கடல், தென்சீனக் கடல் ஆகியவற்றின் கருமார்லின்கள் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்திருப்பதைக் காட்டியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தும் மீன், ஆனால் பிள்ளை பெற ஊர் திரும்புகிறது போலும்.

நீலத் தண்ணீருக்குப் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் மீன் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்காது. நீலக் கடல் என்பது பெரும்பாலும் பட்டினிக் கடல். வெயிலும் வெப்பமும் மேலே, சத்தெல்லாம் குளிர்ந்த அடித்தண்ணீரில். இரண்டையும் யாராவது கலக்க வேண்டும். அந்தமான் கடலில் அந்த வேலையைச் செய்வது, பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஓர் அலை.

நாம் காணும் அலை காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையில் ஓடுவது. கடலுக்குள்ளேயும் ஓர் எல்லை உண்டு: மேலே வெப்பமான, இலேசான நீர், கீழே குளிர்ந்த, கனமான நீர். அந்தப் பரப்பிலும் அலை எழும். இரண்டின் அடர்த்தி வேறுபாடு மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் விசையே பெரிய அலையை எழுப்பப் போதும். வடக்குச் சுமத்ராவுக்கும் நிக்கோபார் தீவுகளுக்கும் இடையில் கடலடி மேடுகள் இருக்கின்றன. ஓதம் ஏறி இறங்கும்போது அத்தனை தண்ணீரும் அந்த மேடுகளின்மேல் தடுக்கி விழுகிறது. அங்கே பிறக்கும் உள்ளலைகள் கிழக்கே, நம் பக்கம் நோக்கி, நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் நடந்து வருகின்றன.

1970-களில் தெற்கு அந்தமான் கடலில் எண்ணெய் தேடிய எக்ஸான் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆல்பிரெட் ஆஸ்போர்னும் டெரன்ஸ் பர்ச்சும் இவற்றை அளந்தார்கள். துளையிடும் கப்பலை ஏதோ ஒன்று திடீர் திடீரென்று தள்ளுகிறது, மேலே பெரிய அலை ஒன்றும் காணோம் என்பதுதான் அவர்களின் கவலை. 1980-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி அந்த உள்ளலைகளின் உயரம் 60 மீட்டர் அளவு, இருபது மாடிக் கட்டடம். மேலே இருந்து பார்த்தால் தெரிவதெல்லாம் தொடுவானம் முதல் தொடுவானம் வரை நீளும் ஒரு கலகலப்புப் பட்டை: காற்றே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளும், ஐந்து பத்து நிமிடத்தில் கடந்து போகும், பின்னால் எண்ணெய் பூசியதுபோல் வழவழப்பு. மலாக்கா நீரிணை வாயில் இப்படிப்பட்ட பட்டைகளைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கக் கடலியலாளர் மோரி எழுதியிருக்கிறார். 1975-இல் அப்போலோ-சோயுஸ் விண்கலத்திலிருந்து எடுத்த படங்களில் அவை வரிவரியாகத் தெரிந்தன.

நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்கு, அதாவது பழைய கெடாவுக்கு, வந்த கப்பல்களும் இந்தக் கடலைக் கடந்துதான் வந்தன. 1025-ஐ ஒட்டி வந்த இராசேந்திர சோழனின் படையும் நீரிணையின் இந்த வாசல் வழியே நுழைந்திருக்க வேண்டும். ஜெராய் மலையின் 1,200 மீட்டர் உச்சி தென்படும் முன்னால், இந்தக் கொதிக்கும் பட்டைகளை அந்த மாலுமிகளும் கண்டிருக்கலாம்.

உள்ளலை ஆழம் குறைந்த விளிம்பை முட்டும்போது உடைகிறது. அடியிலுள்ள குளிர்நீரும் சத்தும் மேலே ஏறுகின்றன. நுண்ணுயிர் பெருகும், நெத்திலி வரும், நெத்திலிக்குச் சூரை வரும், சூரைக்குக் கருமார்லின். பேராக் தீவுபோன்ற தனிப்பாறை நீரோட்டத்துக்குக் குறுக்கே நின்று இந்தக் கலக்கத்தைக் கூட்டுகிறது. நல்ல தெக்கோங் கரையிலிருந்து புறப்பட்டது முதல் தேடுவது இந்தத் தடயங்களைத்தான்: நிறம் மாறும் கோடு, குப்பையும் நுரையும் சேர்ந்த வரிசை, ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழும் பறவைகள். எதிரொலிக் கருவி படகில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கண் முதலில் பறவைக்குத்தான் போகும்.

வேட்டை முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் பெரும்பகுதி காத்திருப்பு. படகின் இருபுறமும் நீண்ட கம்பங்களை விரித்து, நான்கைந்து தங்கூசிகளில் போலி இரைகளை இழுத்துக்கொண்டு மணிக்கு ஏழெட்டுக் கடல்மைலில் போவார்கள். இரை நுரை கிளப்ப வேண்டும், குமிழி விட வேண்டும். எந்த நிற இரைக்கு மார்லின் மயங்கும் என்று கடைகளில் மணிக்கணக்கில் வாதம் நடக்கும்; அந்த நிறங்கள் முதலில் மயக்குவது வாங்குபவரைத்தான் என்பது என் கட்சி. மயில் மீனுக்கு உயிருள்ள கெம்போங் அல்லது செலார் போதும். மீன் எடுத்ததும் ரீலின் பிடியைத் தங்கூசியின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு வைத்திருப்பார்கள். மீதியில் ஒரு பகுதியை, தண்ணீரில் கிடக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் தங்கூசியின் உராய்வே தின்றுவிடும்.

இழுபறி நீள நீள மீனின் வெள்ளைத் தசையில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் தண்ணீர் ஓடும் வகை இது. களைத்து நின்றால் மூச்சு முட்டும். அதனால் விடுவிக்கும்போது மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமல், வாளைக் கையுறையோடு பிடித்துக்கொண்டு படகை மெல்ல முன்னே நகர்த்துவார்கள். செவுளில் நீர் ஓடி, நிறம் திரும்பியபின் கைவிடுவார்கள். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் தொண்டையில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். குவாத்தமாலாவில் மயில் மீன்களில் ஒப்பிட்டபோது, பழைய வகை முள்ளில் இரத்தக் கசிவு பல மடங்கு அதிகமாக இருந்தது. சாப்பிடலாமே என்று கேட்பவர்களுக்கு: பெரிய மார்லினில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்துத் துறை அதை வைத்திருக்கிறது.

தூண்டில் படகுகள்தான் மார்லினை அழிக்கின்றன என்று சொல்வதற்கில்லை. இந்தியப் பெருங்கடலில் கருமார்லினும் மயில் மீனும் அதிகம் மாட்டுவது ஈரான், இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் நாடுகளின் செவுள்வலைகளில், சூரைக்கு விரித்த வலையில் கூட வந்தவையாக. மலேசியாவும் உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், 2018-இல் கருமார்லினுக்கு ஆண்டுக்கு 9,932 டன், மயில் மீனுக்கு 25,000 டன் என்று வரம்பு விதித்தது. வரம்பு எழுதுவது எளிது, செவுள்வலையில் எண்ணிப் பிடிப்பது எப்படி? இந்த மீன்களின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பங்கு, விளையாட்டுத் தூண்டில்காரர்கள் அடையாள அட்டை கோத்து விடுவித்த மீன்களிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அப்படியானால் எப்போது போவது? மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் அந்தமான் கடல் முரண்டு பிடிக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, கிழக்குக் கரை மழையில் நனையும் காலத்தில், தீபகற்பத்தின் முதுகெலும்பு மலைகள் காற்றை மறைப்பதால் கெடா பக்கம் கடல் அமைதி. உள்ளலைகள் ஓதத்தின் பிள்ளைகள். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய பெரிய ஓதத்தில் அவை பெரிதாகும். பிறக்கும் மேட்டுக்கும் நம் விளிம்புக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்துசேர இரண்டேகால் நாள் ஆகும். கணக்குப்படி பார்த்தால், தைப்பூசம் விழும் பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் கழித்துப் பேராக் தீவுப் பக்கம் போவது உத்தமம். சுங்கைப் பட்டாணியில் தேர் நிலைக்கு வந்து, காவடி எடுத்தவர்கள் கால்வலி தீர்ந்து, படகில் ஏறச் சரியாக இருக்கும். என்ன, அந்த நாள்களுக்குத் தெக்கோங்கிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பெரிய ஓதத்தின் கணக்கு அவருக்கும் தெரியும், வாடகையும் அதற்கேற்ப ஏறியிருக்கும்.